பூசைக்கு வந்த டிஸ்க்

எங்கள் சிறுநீரக நிலையத்துக்கு என்ன கணினி வாங்குவது என்று தீர்மானிக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது, பொறுப்பாக இருந்த டொக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பெரிய டிஸ்க்காகப் பார்த்து ஒன்றை வாங்கிப் போட்டால் போதாதா என்றார். அரிசி மூட்டை வாங்குகிற கணக்கில்தான் அவர் டிஸ்க்கையும் பார்த்தார். பெரிதாக இருந்தால் கனநாளைக்குக் காணும், அவ்வளவுதான்.

நிலையம் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியோரம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கிய தரையில்தான் எங்கள் ஊர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஊரவர்கள் கொடுத்த உதவியில் நடக்கும் சிறிய இடம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் சில தடவை வந்து, கதிரையில் சாய்ந்திருந்து, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு போவார்கள். கணினி சம்பந்தப்பட்ட எதுவானாலும் நான் ஒருத்திதான். வீடு குருக்கள்மடம். பஸ் பிடிக்கத் தேவையில்லாத தூரத்தில் வேலை கிடைத்ததே பெரிய விசயம் என்று அம்மா சொல்வார். வாய்தான் நீளம், அதைக் குறைத்தால் வேலை நிலைக்கும் என்றும் சொல்வார்.

கடதாசிக் கோப்புகளை நாங்கள் விட்டுவிட்டோம். நோயாளியின் நிறை, பிரஷர், எப்போது இரத்தம் ஏற்றினோம், மாதப் பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாம் கணினியில்தான். காலையில் கணினி எழும்பாவிட்டால், கதிரையில் இருப்பவரின் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுப்பது என்று நேர்ஸ்மார் நினைவிலிருந்து சொல்ல வேண்டிவரும். அதனால் அது நிற்கக் கூடாது. அதில் இருப்பது அழியவும் கூடாது. இவை இரண்டும் வேறு வேறு பயங்கள். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

டொக்டரோடும் அந்தச் சண்டை வந்தது. இரண்டு கணினி, ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றவற்றிலும் எழுதப்படும் என்று நான் விளக்கியதும் அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு, இவற்றை விட வேறாக, தனியே எடுத்து வைக்கிற பிரதியாக ஒரு பெக்கப்பும் வேண்டும் என்றேன். முகம் சுருங்கியது.

“நாலு டிஸ்க்கில ஒரே விசயம் கிடக்கு. அது பெக்கப் இல்லையா மிஸ்?”

நான் வாயால் பதில் சொல்லவில்லை. வாங்க முதல் சோதித்துப் பார்க்க, இரவல் எடுத்த இரண்டு கணினிகளை நாலு டிஸ்க்கோடு அதே மாதிரித் தொடுத்து, ஒரு பொய் நோயாளியைப் பதிந்து வைத்திருந்தேன். டொக்டரின் கண்முன்னே ஒரு கணினியில் அந்தப் பதிவை அழித்துவிட்டு, மற்றக் கணினி இருந்த அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கும் இல்லை. நாலு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் சுத்தமாகப் போயிருந்தது. நம்முடைய நிழலைப் போலத்தான் இது சேர், நாம் விழுந்தால் அதுவும் கூட விழும் என்றேன். சரி, கேட்டதை எழுதிக் கொடுங்கள் என்றார் அவர்.

டிஸ்க்குகளை ஒரே கடையில் வாங்கவில்லை. ஒரே தொழிற்சாலையில் ஒரே கிழமையில் செய்தவை ஒரே கிழமையில் சாவதும் உண்டு. ஆகவே ஒன்றை மட்டக்களப்பில், ஒன்றைக் கல்முனையில், மற்ற இரண்டைக் கொழும்பில் இரண்டு கடைகளில் என்று அலைந்து வாங்கினேன். கலியாணத்துக்குச் சேலை எடுக்கிறாளாக்கும் என்று சிரித்தார்கள். முதல் கணினிக்கு உப்புக்காற்று புகாத அலுமாரி செய்வித்தேன். இரண்டாவது கணினியை முற்றத்துக்கு அப்பால் இருந்த பழைய களஞ்சிய அறையில் வைத்தேன். ஓர் அறையில் தீப்பிடித்தாலும் மற்ற அறை ஓடும். இரண்டையும் தொடுக்கக் கண்ணாடி இழைக் கேபிள் கேட்டிருந்தேன். அது கொழும்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வரும்வரைக்கும் சாதாரண செம்புக் கம்பியை முற்றத்துக்கு மேலால் இழுத்து விட்டிருந்தோம்.

பெக்கப்பை எங்கே வைப்பது என்பதில் மட்டும் யாரும் என்னோடு வாதாடவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் என்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்று படுவான்கரையில் சொந்தம் இருந்தவர்கள் எங்கே ஓடினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் படுவான்கரையில் இருக்கிற அம்பிளாந்துறையில் கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். அவரும் அப்படித்தான் மனைவி வீட்டில் இருந்துகொண்டு, தினமும் காலையில் குருக்கள்மடம் துறையில் பாதையில் வந்து இறங்குவார். பாதை என்றால் வாவியில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இறக்கும் மிதவை. சட்டைப்பையில் கொள்ளக்கூடிய இரண்டு டிஸ்க்குகளை வாங்கினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் புதிதாகப் பிரதி எடுத்த டிஸ்க் அவரோடு அக்கரைக்குப் போகும். சனிக்கிழமை காலையில் பழையது இக்கரைக்கு வரும். இரண்டும் ஒரே நேரத்தில் இக்கரையில் ஒருநாளும் இருக்கக் கூடாது, அதுதான் சட்டம். பாதையில் தண்ணீர் தெறிக்கும் என்று அவருடைய மனைவி மூடி இறுகிய சோற்றுப் பெட்டி ஒன்றைத் தந்திருந்தார். அதற்குள் வைத்தால் வாவிக்குள் விழுந்தாலும் மிதக்கும். இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடப்பதைப் பார்த்து எனக்குக் கர்வம்கூட வந்தது.

இனி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேற்றாத்தீவில் சின்னப் பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்துபவர். எங்களிடம் வரும்போதும் கதிரையில் இருந்தபடி வண்ணக் கடதாசியில் பூ வெட்டிக்கொண்டிருப்பார். வெட்டும் கை ஒன்றுதான், மற்றக் கையில் ஊசி. கடதாசியை நான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்த அவருடைய தம்பி, அக்காவுக்குத் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். இரத்தம் பொருந்தியது. கண்டியில் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர்மார் ஒரு நாள் குறித்துக் கொடுத்து, எங்களிடம் தொடங்கிய நாளிலிருந்து எல்லாப் பதிவுகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். எப்போதெல்லாம் பிறருடைய இரத்தம் ஏற்றினோம், மாதம் மாதம் கிருமிப் பரிசோதனையில் என்ன வந்தது என்று தெரியாமல் அவர்கள் கத்தியைத் தொட மாட்டார்கள். அது இல்லையென்றால் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து, மாதக்கணக்கில். அதற்குள் தம்பியின் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. அதுவரை டீச்சரின் உடம்பு தாங்குமா என்று எங்களில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவர்கள் கண்டிக்குப் புறப்பட வேண்டிய நாள் விஜயதசமி அன்று பின்னேரம். கடைசிப் பரிசோதனையையும் சேர்த்து எல்லாவற்றையும் அன்று காலையில் அச்செடுத்துக் கொடுப்பதாக இருந்தேன். அதற்கு முதல்நாள் நிலையத்தில், நவராத்திரிக்கு நாங்கள் எடுக்கும் வாணி விழாவின் கடைசிப் பூசை.

அன்று மத்தியானம் வீட்டுப் பூசையை முடித்துவிட்டு நிலையத்துக்குப் போனேன். வரவேற்பு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வாணி அம்மாளின் படத்துக்கு மாலை போட்டு, அவல், கடலை, பொங்கல் எல்லாம் வைத்திருந்தார்கள். படத்தின் முன்னால் மெக்கானிக்கின் ஸ்பானர் சாவிகள், டொக்டரின் ஸ்டெதஸ்கோப், நேர்ஸ்மாரின் கத்தரிக்கோல், எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. அவற்றின் நடுவில் எங்கள் டிஸ்க். அதற்கும் பொட்டு. பக்கத்தில் சோற்றுப் பெட்டி. அதன் மூடியிலும் ஒரு பொட்டு.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அக்கரையில் இருக்க வேண்டியது இங்கே என்ன செய்கிறது என்று மெக்கானிக்கைக் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆள் குரல் உயராமல் பதில் சொன்னார்.

“ஒண்டுக்குப் பூசை வச்சி மத்ததுக்கு இல்லையெண்டா அது சரியில்லக்கா. அதுவும் வேல செய்யிறதுதானே.”

பழைய பிரதியைச் சாமிக்கு முன்னால் வைக்கக் கூடாது என்று அன்று காலையில் இரண்டிலும் புதிதாகப் பிரதி எடுத்துத்தான் வைத்தாராம். அதையும் பெருமையாகச் சொன்னார். திருட்டு, தீ, வெள்ளம், உப்பு, பழுது, இவை எல்லாவற்றுக்கும் நான் வழி யோசித்து வைத்திருந்தேன். பாசத்தால் ஒரு கேடு வரும் என்று நான் படித்த எதிலும் இல்லை. இப்போதே ஒன்றைக் கொண்டு போங்கள் என்றேன். பூசைக்கு வைத்ததை நாளைக் காலைப் பூசை முடியாமல் எடுக்கக் கூடாது என்றார்கள் எல்லோரும். டொக்டரிடம் போனேன். ஒரு இரவுதானே மிஸ் என்று அவர் கையை விரித்தார். கெடுகுடி சொல் கேளாது என்று முணுமுணுத்துக்கொண்டு வந்து என் கதிரையில் இருந்தேன்.

பொழுது படுகிற நேரம் மழை வந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் பின்னேரத்தில் இடி இடிப்பது புதிதல்ல. ஆனால் அந்த ஒரு இடி மழையோடு வந்த இடி அல்ல. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே விழுந்தன. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மின்சாரம் போனது. நோயாளிகளுடைய இயந்திரங்கள் அவற்றின் பற்றரியில் ஓடின. நேர்ஸ்மார் ஒவ்வொரு கதிரையாக ஓடிப்போய்ப் பார்த்து, எல்லோரும் நலம் என்றார்கள். ஜெனரேற்றர் எழும்பியது. கணினி எழும்பவில்லை.

அலுமாரியைத் திறந்தேன், எரிந்த நாற்றம். மழையில் நனைந்துகொண்டு முற்றத்தைத் தாண்டிக் களஞ்சிய அறைக்கு ஓடினேன். அங்கும் அதே நாற்றம். மின்சார வழியை எல்லாம் நான் காவல் பண்ணி வைத்திருக்க, மின்னல் அந்தச் செம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அறைக்கும் விருந்துக்குப் போயிருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று வைத்த இரண்டும் கைகோத்துக்கொண்டு செத்தன. உள்ளே இருந்த டிஸ்க்குகளைக் கொழும்புக்கு அனுப்பினால் ஏதாவது எடுக்கலாம், எடுக்க முடியாமலும் போகலாம். எப்படியும் கிழமைக்கணக்கில் ஆகும். டீச்சர் நாளைக்குப் போக வேண்டும்.

டீச்சர் அப்போது உள்ளேதான் கதிரையில் இருந்தார். பக்கத்தில் தம்பி. நான் போய் நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தெரியாத முகம் எனக்கு. மீதி இருப்பது பூசை மேசையில் இருக்கிற இரண்டும்தான், அவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும் என்றேன். தம்பி எழுந்தே விட்டார். எடுங்கள், சாமி கோவிச்சால் என்னோடு கோவிக்கட்டும் என்றார். மெக்கானிக் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஆளின் முகத்தில் இரத்தம் இல்லை. மேசைப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

டீச்சர்தான் கூப்பிட்டு நிறுத்தினார்.

“விடியட்டும். நாளைக்கு விடியக்காலம நான் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்க வேணும். பூசையில வச்சத இடையில எடுத்தன் எண்டு நினைச்சிக்கிட்டு எப்படி அதுகள்ர கைய பிடிச்சி எழுதிறது?”

இதென்ன விசர்ப்பேச்சு, உங்கள் உயிரைப் பற்றி அல்லவா கதைக்கிறோம் என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த எனக்கு வரவில்லை. தம்பி வெளியே போய் மழையில் நின்றார். அன்று இரவு தூங்காமல் விழித்திருந்தேன் என்று எழுதினால் பொய். வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன், அம்மா சோறு போட்டுத் தந்தார், அப்படியே தூங்கிவிட்டேன்.

காலையில் என்னுடைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் மெக்கானிக் இரண்டு டிஸ்க்கையும் என் கையில் தந்தார். முதலில் நிலையத்து டிஸ்க். யாரோ ஒரு புண்ணியவதி தாராளமாக மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார். வயர் மாட்டுகிற வாய்க்குள் மஞ்சளும் குங்குமமும் குழைந்து காய்ந்து கிடந்தன. துடைத்து, மாட்டினேன். ஒரு தடவை வெளிச்சம் மின்னியது, பிறகு ஒன்றுமே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற டொக்டர் பெருமூச்சு விட்டது கேட்டது. எல்லாம் மஞ்சள் தண்ணீரில் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

சோற்றுப் பெட்டியை யாருமே திறந்திருக்கவில்லை. அதற்குரிய தண்ணீரும் சந்தனமும் மூடிக்கு மேலேயே நின்றுவிட்டன. திறந்தேன். உள்ளே காய்ந்த துணியில் டிஸ்க் அப்படியே இருந்தது. மாட்டினேன். வெளிச்சம் வந்தது, அணையாமல் நின்றது, மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. திரையில் எங்கள் நோயாளிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. டீச்சருடைய பெயரைத் தட்டினேன். முதன்முதல் வந்த அன்றைய நிறையிலிருந்து முந்தநாள் வந்த பரிசோதனை வரைக்கும் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பிரதியாக இருந்திருந்தால் அந்தக் கடைசிப் பரிசோதனை அதில் இருந்திராது. சாமிக்குப் பழையதை வைக்கக் கூடாது என்று ஒரு மனிதர் நினைத்ததால் இருந்தது. இப்போது அந்த மனிதரை நான் திட்டுவதா, கும்பிடுவதா? இரண்டும் செய்ய நேரம் இருக்கவில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் மடிக்கணினிக்குப் பிரதி எடுத்தேன். அது முடிந்த பிறகுதான் நிமிர்ந்து மூச்சு விட்டேன்.

எங்கள் பிரிண்டரும் மின்னலோடு போயிருந்தது. வாசலில் காத்து நின்ற டீச்சரின் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, சந்தியில் இருந்த கொமினிகேசன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் அச்செடுத்தோம். திரும்பும் வழியில் முன்பள்ளியில் நிறுத்தினோம். டீச்சர் நிலத்தில் பரப்பிய அரிசியில் ஒரு சின்னக் கையைப் பிடித்து அ எழுதுவித்துக்கொண்டிருந்தார். பிள்ளை வீரிட்டு அழுதது. தம்பி கடதாசிக் கட்டைத் தூக்கிக் காட்டினார். டீச்சர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, எழுதி முடியும்வரை அந்தக் கையை விடவில்லை.

அதன் பிறகு நிலையத்தில் சில மாற்றங்கள். கண்ணாடி இழைக் கேபிள் வந்தே விட்டது. கொழும்புக்கு ஆளனுப்பி வாங்கிவரச் செய்தார் டொக்டர். புதுக் கணினிகள் வந்தன. பெக்கப் டிஸ்க் மூன்று ஆனது. அடுத்த வாணி விழாவுக்கு என்ன செய்வது என்று நான் வாயைத் திறக்க முதலே, அந்தக் கிழமையிலேயே மெக்கானிக் முடிவோடு வந்தார். அக்கரையில் இருப்பதற்கு அக்கரையிலேயே, தன் மனைவி வீட்டுச் சாமியறையில் பூசை. தண்ணீர் தெளிக்க மாட்டோம், பூ மட்டும் என்றார். இதைவிட நல்ல ஒரு பாதுகாப்புத் திட்டத்தை என்னாலும் எழுதியிருக்க முடியாது. சரி, பூவையும் பெட்டிக்கு வெளியே வையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

புதுக் கணினிக்கு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். முறைப்படி வர வேண்டிய ஒருவருக்குப் பதிவு விழாவிட்டால் அவருடைய பெயர் திரையில் சிவப்பாக வரும். பதிவு தவறியதா, ஆளே வரவில்லையா என்று உடனே தேடுவோம். பல தடவை தேடிப் போய், சாவு விழுந்ததென்று வெள்ளைக்கொடி கட்டிய வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம். அதனால் காலையில் சிவப்பைக் கண்டால் எங்கள் ஒருவருக்கும் தேத்தண்ணீர் இறங்காது.

அந்தப் பழக்கம் தொடங்கிய கிழமையில் ஒருநாள் காலையில் டீச்சருடைய பெயர் சிவப்பாக இருந்தது; கண்டிக்குப் போனவரை நாங்கள் பட்டியலிலிருந்து எடுத்திருக்கவில்லை. கண்டியில் சத்திரசிகிச்சை முடிந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாது. தொலைபேசி எடுக்கவும் ஒருவருக்கும் துணிவில்லை. நான், டொக்டர், மெக்கானிக் மூவரும் திரைக்கு முன்னால் நின்றோம். அப்போது தம்பியே அழைத்தார். சத்திரசிகிச்சை செய்த உடம்போடு கட்டிலில் இருந்து பேசுகிறார், குரல் சரியாக எழும்பவில்லை.

“மிஸ், அக்காக்குச் சலம் போகுது. தானாப் போகுது.”

சிறுநீர் போகிறது என்பது வேறு எந்த இடத்திலும் வெட்கப்பட்டு மெல்லச் சொல்கிற வார்த்தை. எங்கள் இடத்தில் கதிரையில் இருக்கிற ஒவ்வொருவரும் வருடக்கணக்கில் கேட்க ஏங்கும் வார்த்தை. நான் உள்ளே ஓடிப்போய் என் குரல் முழுவதையும் கூட்டிக் கத்திச் சொன்னேன். ஊசி குத்தாத கையால் கதிரை விளிம்பைத் தட்டினார்கள். ஒரு ஐயா சிரித்தபடியே அழுதார். மெக்கானிக் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். கழுவிக் கழுவி நெடுநேரம் நின்றார்.

பிறகு திரும்பி வந்து டீச்சருடைய பதிவை மூடப் போனேன். மூடுவதென்றால் கணினி காரணம் கேட்கும். நானே எழுதிய கேள்விதான். கீழே மூன்று விடைகள் கொடுத்திருந்தேன்: இறந்துவிட்டார், வேறு நிலையத்துக்குப் போனார், தானே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஒரு விடை தேவைப்படும் என்று அதை எழுதிய அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அன்று முழுக்க இருந்து நாலாவது விடை ஒன்றைச் சேர்த்தேன்: இனி இவருக்கு நாங்கள் தேவையில்லை.